பந்த் அன்று வந்த பால் வண்டி

என் மகள் கவிதாவின் மூச்சில் அழுகிய பழ வாடை வந்தபோது, அம்மன் அவளை என்னிடமிருந்து எடுத்துக்கொள்ளப் போகிறாள் என்றே நினைத்தேன். அது 2002. காவிரித் தண்ணீருக்காகப் பெங்களூரில் பந்த் நடந்த நாள். நாங்கள் நீலசந்திராவில் குடியிருந்தோம்.

கவிதாவுக்குச் சின்ன வயதிலேயே சர்க்கரை நோய். கணையத்தில் இன்சுலின் சுரக்கிற செல்கள் அழிந்துவிட்டன, ஆயுசுக்கும் ஊசிதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தினமும் நான்தான் போடுவேன். என் கணவர் பீன்யா தொழிற்பேட்டையில் லேத் ஓட்டுகிறவர். இரும்போடு மல்லுக்கட்டுகிற மனிதர், நான் ஊசியைக் கையில் எடுத்தால் வெளியே போய் நின்றுகொள்வார்.

அவரிடம் யாரோ ஒரு கிளினிக்கைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள். ஜீன் சிகிச்சையாம். ஒரே ஊசியில் கணையத்தில் புது செல் முளைக்குமாம். வெளிநாட்டில் எலிகளுக்குக் குணமானதாகப் பேப்பரில் வந்ததைக் காட்டினார்களாம். அதற்கு முன்னால் இன்சுலினை நிறுத்திவிட வேண்டுமாம்.

“நிறுத்தவே கூடாதுன்னு டாக்டர் எத்தினி தபா சொல்லிக்கிறாரு. வோணாங்க,” என்று கெஞ்சினேன்.

“எம் பொண்ணு நல்லாவறது உனக்குப் புடிக்கலியா?” என்று கத்தினார். அவருக்குத் தெரியாமல் நான் போட்டுவிடுவேன் என்று, வீட்டிலிருந்த மருந்தை எடுத்துச் சாக்கடையில் ஊற்றிவிட்டார். ஊற்றும்போது அவரும் அழுதார்.

மறுநாள் பந்த். காலையிலிருந்தே கவிதா தண்ணீர், தண்ணீர் என்றாள். அப்புறம் வாந்தி. மத்தியானம் கூப்பிட்டால் கண் திறக்கவில்லை. மூச்சு மட்டும் ஓடி வந்தவளைப் போல வாங்கியது. மருந்துக் கடை பூட்டியிருந்தது. ஆட்டோ ஒன்றுகூட இல்லை.

“தப்பு பண்ட்டேன் சாந்தி,” என்று அவர் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார். நான் பின்னாலேயே ஓடினேன். மெயின் ரோட்டில் டயர் எரிந்தது. சுற்றி ஒரு கூட்டம். தமிழில் வாய் திறக்கவே பயம். மனசுக்குள்தான் கதறினேன். தாயே, மாரியம்மா! ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் கொண்டு போய் விடு. வேறொன்றும் கேட்க மாட்டேன்.

பின்னால் ஹாரன் சத்தம். பால் வண்டி. அதை மட்டும் பந்திலும் விட்டிருந்தார்கள். டிரைவர் தலையை நீட்டி, “ஏனாய்த்தம்மா மகுகே?” என்று கேட்டார். குழந்தைக்கு என்ன ஆச்சு என்கிறார். என் கணவருக்குக் கன்னடம் தண்ணீர் பட்ட பாடு. அன்று நாக்கு எழவில்லை. என்னை மீறித் தமிழ்தான் வந்தது.

“செத்துடுவா அண்ணா!”

கூட்டம் திரும்பியது. ஒருவன் கையில் கல். டிரைவர் கதவைத் திறந்து, “ஹத்தி, பேக ஹத்தி!” என்று எங்களை ஏற்றிக்கொண்டார். கல்லோடு அவன் வண்டிக்கு முன்னால் வந்து நின்றான். கண்ணாடி வழியாக என் பெண்ணின் முகத்தைப் பார்த்தான். எவ்வளவு நேரமோ தெரியாது. கல்லைக் கீழே போட்டான். எரிகிற டயரைக் காலாலேயே ஓரமாகத் தள்ளினான். “ஹோகி, ஹோகி!” என்று கையை வீசினான்.

ஆஸ்பத்திரியில் உடனே குளுக்கோஸ் பார்த்து, சலைனும் இன்சுலினும் ஏற்றினார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கைவிட்டுப் போயிருக்கும் என்றார் டாக்டரம்மா. என் கணவர் அந்த ஜீன் ஊசியைப் பற்றிச் சொன்னார். டாக்டரம்மா திட்டவில்லை.

“ஆராய்ச்சி நடக்குறது நெஜம்தான். இன்சுலின் சுரக்குற செல்லத் திரும்ப உண்டாக்கப் பாக்குறாங்க. ஆனா இன்னும் எலியத் தாண்டல. உங்ககிட்ட சொன்னவன் பொய் சொல்லிக்கிறான்.”

விடிந்த பிறகு கவிதா கண் திறந்து, “அம்மா, பசிக்குது,” என்றாள். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அன்றிலிருந்து அவளுக்கு ஊசி போட்டது அவள் அப்பாதான். அந்த டிரைவரைத் தேடிப் பார்த்தோம், கிடைக்கவில்லை. கல்லைக் கீழே போட்டவன் யாரென்றும் தெரியாது. இரண்டு பேரையும் அனுப்பியவள் யாரென்று எனக்குத் தெரியும்.

என்னைப் போலப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு தவிக்கிற தாய்மார்களே, மாரியம்மனை நம்புங்கள். மருந்தை நிறுத்தாமல் நம்புங்கள். வெள்ளிக்கிழமை விளக்கேற்றும்போது, எங்கோ எலிகளை வைத்துக்கொண்டு ஆராய்கிற அந்த முகம் தெரியாத மனிதர்களுக்கும் சேர்த்து ஒரு கும்பிடு போடுங்கள். நான் போடுகிறேன்.