அழகான இருபது செல்கள்

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவரைத் தரகர் என்றுதான் கூப்பிடுவார்கள். காலையிலிருந்து மாலைவரை குரோமோசோம்களுக்கு ஜோடி சேர்ப்பது அவர் வேலை. நுண்ணோக்கியில் தெரியும் செல்லைப் படமெடுத்து, அதிலுள்ள நாற்பத்தாறையும் பிரித்து, இருபத்து மூன்று ஜோடிகளாகத் திரையில் வரிசைப்படுத்துவார். ஒரு நோயாளிக்கு இருபது செல். தன் கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு பொருத்தம் பார்க்கவில்லை என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

படம் அழகாக இருக்க வேண்டும் அவருக்கு. குரோமோசோம்கள் தள்ளித் தள்ளிப் பளிச்சென்று விழுந்திருக்கும் செல்லைத்தான் எடுப்பார். கட்டையும் குட்டையுமாக ஒன்றின்மேல் ஒன்று கிடந்தால் முகத்தைச் சுளித்துக்கொண்டு நகர்ந்துவிடுவார். நோய்பட்ட செல்தான் பெரும்பாலும் அப்படி அலங்கோலமாக விழும் என்று வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே சொல்லிக்கொடுத்திருந்தார்கள். தெரிந்தேதான் செய்தார். கருத்தரங்குகளில் அவர் எடுத்த படங்களையே போட்டுக் காட்டுவார்கள். அது தலைக்கேறியிருந்தது.

தரகருடைய அக்காவின் கணவர் பேருந்து ஓட்டுநர். நான்கு வருடமாக நாள்பட்ட ரத்தப் புற்றுநோய். ஒன்பதாவது குரோமோசோமும் இருபத்திரண்டாவதும் துண்டு மாற்றிக்கொள்வதால் வரும் வகை, மாத்திரைக்கு அடங்கிக் கிடந்தது. ஆறு மாதத்துக்கு முன் அவருடைய எலும்பு மஜ்ஜை தரகர் மேசைக்கே வந்தது. இருபது செல்களைப் பார்த்து, புதிய மாற்றம் எதுவும் இல்லை என்று எழுதினார். அத்தான் அடுத்த பரிசோதனையைத் தள்ளிப்போட்டார். "மச்சான் பாத்தாச்சு, அப்புறம் என்ன?" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு வண்டி ஓட்டினார்.

இப்போது மண்ணீரல் வீங்கிப் படுத்துவிட்டார். நோய் அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டது.

தரகர் பழைய கண்ணாடித் தகட்டைத் தேடியெடுத்து, அன்று தாண்டிப்போன செல்களில் குரோமோசோம்களை எண்ணினார். நாற்பத்தேழு. அடுத்ததிலும் நாற்பத்தேழு. எட்டாவது குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்று இருந்தது. நோய் முற்றுகிறது என்பதற்கான அடையாளம், எண்ணத் தெரிந்த யார் கண்ணிலும் படும்படி அன்றைக்கே கிடந்திருக்கிறது. தலைமை மருத்துவரிடம் ஒளிக்காமல் சொன்னார்.

"அப்பவே தெரிஞ்சிருந்தா மருந்தை மாத்தியிருக்கலாம்," என்றார் அவர். திட்டியிருந்தால் தேவலை.

மருத்துவமனை நடைக்கூடத்தில் அக்காவிடமும் சொன்னார். அவள் அழவில்லை. "அதையும் ஒரு பார்வை பாத்திருக்கக் கூடாதாடா?" என்று மட்டும் கேட்டாள்.

அத்தானிடம் சொல்லியே தீருவது என்றுதான் உள்ளே போனார். அக்காவும் பின்னாலேயே வந்தாள். அவரோ தலையணையில் சாய்ந்தபடி, செவிலியிடம் மச்சானின் கண்ணைப் பற்றிப் பெருமை அடித்துக்கொண்டிருந்தார்.

"வா மச்சான். போன தடவை ஏதாச்சும் கொஞ்சமாவது தெரிஞ்சுதா? எனக்கு உள்ளுக்குள்ள ஒரு சந்தேகம்."

அக்கா போர்வையை இழுத்துக் கணவரின் காலை மூடினாள்.

"அப்ப ஒண்ணும் இல்லைங்க. இருந்தா என் தம்பி விட்டிருப்பானா?" என்றாள், தம்பியைப் பார்க்காமல்.

தரகர் ஆமாம் என்று தலையாட்டினார். அப்பாடா என்று ஒரு நிம்மதி வந்தது. அது வந்ததைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.