இடது கைச் சுதந்திர தேவி

பீச்சாங்கைக்காரி என்பது தெருவில் எனக்கு வைத்திருந்த பட்டப்பெயர். சாப்பாட்டுக்கு மட்டும் அம்மா அடித்துத் திருத்தி வலது கையைப் பழக்கிவிட்டாள். எழுத்து திருந்தவில்லை. நாலாம் வகுப்பு டீச்சர் ஸ்கேலை எடுத்தால் பென்சில் வலது கைக்குப் போகும். அவர் முதுகைத் திருப்பியதும் தாய்வீட்டுக்கு வந்துவிடும்.

அந்த வருஷம் ஐப்பசியில் அப்பா ஒரு வாரம் வீட்டில் இருந்தார். சிவகாசியில் ஒரு அச்சுக் கம்பெனியில், படத்தின் ஃபிலிமை வைத்து அச்சுக்குப் பிளேட் போடுகிற வேலை அவருக்கு. காலண்டர் சீசனில் நாங்கள் தூங்கிய பிறகு வந்து, விழிக்கும் முன் போய்விடுவார். அப்படிப்பட்டவர் சீசனில் பகலெல்லாம் வீட்டில் உட்கார்ந்திருந்தால் என்ன அர்த்தம் என்று தெருவுக்கே தெரியும். நான் அதை லீவு என்று நினைத்துக்கொண்டேன்.

நடந்தது இதுதான். ஒரு பட்டாசுக் கம்பெனியின் காலண்டர். வானம் முழுக்க வாணம் வெடிக்க, நடுவில் அமெரிக்காவின் சுதந்திர தேவி சிலை. நாலு நாள் தூக்கமில்லாத அசதியில் அப்பா படத்தின் ஃபிலிம்கள் அத்தனையையும் ஒரே சீராகப் புரட்டி வைத்துவிட்டார். வலது கையில் தீப்பந்தம் தூக்க வேண்டிய அம்மணி இடது கையில் தூக்கினாள். மொத்த ஆர்டரும் அச்சாகி முடிந்த பிறகுதான், அமெரிக்கா போய் வந்த யாரோ ஒருவர் அதைக் கண்டுபிடித்தார். முதலாளி அப்பாவைத் திட்டவில்லை. சொல்லி அனுப்பும்போது வந்தால் போதும் என்றார். திட்டியிருந்தால் தேவலை என்று அம்மா பிற்பாடு பலதடவை சொல்லியிருக்கிறாள்.

அப்பா அன்றைக்கு அந்தக் காலண்டரின் வேஸ்ட் ஷீட் ஒரு கட்டோடு வந்தார். எங்கள் ஊரில் நோட்டுக்கு அட்டை போடுவது அச்சாபீஸில் கழிக்கிற அந்த மாதிரி ஷீட்டுகளில்தான். என் கணக்கு நோட்டு முருகனுக்கு நிறம் விலகி நாலு உதடு. வீட்டுக்கு வருகிற ஷீட்டில் ஏதோ பிசகு இருக்கும் என்பது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் அவ்வளவு உயரத்தில் ஒருத்தி இடது கையைத் தூக்கிக்கொண்டு நிற்பதைப் பார்த்த சந்தோஷத்தில் புத்தி வேலை செய்யவில்லை. பள்ளிக் கண்காட்சிக்கு இவளைத்தான் செய்வேன் என்று குதித்தேன். தாஜ்மகால் செய்யலாமே என்று அப்பா கெஞ்சிப் பார்த்தார். நான் மசியவில்லை.

பழைய பேப்பரை வெந்தயத்தோடு ஊறவைத்து அரைத்துத் தலையும் கைகளும் பிடித்தோம். காலண்டர் அட்டையைச் சுருட்டி உடம்பு. அப்பா இடுப்பில் கட்டும் பழைய பச்சைச் சாரத்தைக் கிழித்து, மைதாப் பசையில் முக்கிச் சுற்றியதும் மடிப்பு மடிப்பாக அங்கி வந்துவிட்டது. கிரீடத்துக்கு விளக்குமாற்று ஈர்க்கு, கையிலிருக்கும் பலகைக்குத் தீப்பெட்டி, பந்தத்துக்குப் பேனா மூடியும் ஜிகினாத் தாளும். நான் வெட்ட வெட்ட அப்பா ஒட்டினார். இத்தனை நாள் இவர் எங்கே இருந்தார் என்றிருந்தது எனக்கு.

கையை ஒட்டும் நேரத்தில் அம்மா வந்து நின்றாள். “அதையாச்சும் சரியா ஒட்டுங்க. ஊரு சிரிச்சது பத்தாதா?” என்றாள். அப்பா, கத்தரிக்கோல் பிடித்திருந்த என் இடது கையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பந்தம் பிடித்த கையை இடது பக்கமே ஒட்டினார்.

எங்கள் பள்ளியில் எந்த விழாவுக்கும் தலைமை ஏதாவதொரு அச்சாபீஸ் முதலாளிதான், பரிசும் டைரிதான். அந்த வருஷம் வந்தவர் அப்பாவின் முதலாளி. வாசலில் காரைப் பார்த்ததுமே அப்பா கூட்டத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

முதலாளி என் மேஜைக்கு வந்ததும் நின்றுவிட்டார். டீச்சருக்கு முகம் சிவந்தது. கை மாறியிருக்கிறதே, யார் இப்படிச் சொல்லிக்கொடுத்தது என்று அதட்டினார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. கையோடு கொண்டுபோயிருந்த ஷீட்டை விரித்துக் காட்டினேன். “இப்படித்தான் இருக்கு டீச்சர். எங்கப்பாதான் போட்டாக.”

சுற்றி நின்றவர்களில் பாதிப் பேர் அச்சாபீஸ்காரர்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. அப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார்.

“பிள்ளை மேல தப்பில்ல அண்ணாச்சி. பிளேட்டும் நான் போட்டதுதான், இதை ஒட்டுனதும் நான்தான்.”

“தெரிஞ்சேவா ஒட்டுன?”

“பிள்ளைக்கு அந்தக் கைதான் வாகு.”

முதலாளி சிலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். டைரியை நீட்டினார். பதற்றத்தில் நான் இடது கையை நீட்டிவிட்டேன். டீச்சர் என் தோளைக் கிள்ளினார். முதலாளி அந்தக் கையிலேயே டைரியை வைத்துவிட்டு அடுத்த மேஜைக்கு நடந்தார்.

திங்கட்கிழமை காலையில் கம்பெனியிலிருந்து ஆள் வந்து அப்பாவைக் கூப்பிட்டது. அம்மா மாரியம்மன் படத்துக்குப் பூ வைத்துவிட்டுக் கேசரி கிண்டினாள். அப்பா சைக்கிளை இரண்டு தடவை துடைத்தார். நான் மட்டும் கேசரியைத் தொடாமல் வாசற்படியில் உட்கார்ந்து, நல்லபடியாக வீட்டிலிருந்த அப்பாவைப் பிடித்துக்கொண்டு போகிறாரே என்று அந்த முதலாளியைத் திட்டித் திட்டி அழுதேன்.