கலம் உடைந்த நாள்

முளைகட்டிய நெல்லின் சாக்கை அவிழ்க்கும்போது முகத்தில் வந்து அடிக்கும் சூடான ஆவிக்குப் புளிப்பும் இனிப்பும் கலந்த ஒரு மணம் உண்டு. அந்த மணம் இன்றைக்கும் என்னைப் பத்து வயதுக்கு, இரணைமடு வாய்க்காலோரம் இருந்த எங்கள் ஓலைக் கொட்டிலுக்குக் கொண்டுபோய் விடுகிறது. போரால் பாதை பூட்டியிருந்த அந்த வருடங்களில் வன்னிக்குள் சீனி வருவது அருமை. பனங்கட்டித் துண்டொன்றைக் கையில் வைத்துக்கொண்டு, அதைக் கடித்துக் கடித்துத்தான் தேத்தண்ணி குடிப்போம். எங்கள் வீட்டில் அதற்குக் "கடிகட்டி" என்று பெயர். அம்மா தன் பங்கை எனக்கும் அக்காவுக்கும் இரண்டாக உடைத்துத் தந்துவிட்டு, தனக்கு இனிப்புப் பிடிக்காது என்று சொல்லி வெறுந்தேத்தண்ணி குடிப்பார். அது பொய் என்று எனக்குத் தெரியும். கட்டியை உடைத்த விரல்களை அவர் குசினிக்குள் அடுப்புப் பக்கம் திரும்பி நின்று நக்கியதை ஒருநாள் கண்டுவிட்டேன்.

அக்கா உயர்தர வகுப்பில் உயிரியல் படித்தாள். புத்தகம் பத்துப் பேருக்கு ஒன்று என்பதால் எல்லாவற்றையும் கொப்பியில் எழுதி வந்து, காலையில் சத்தமாகப் பாடமாக்குவாள். அப்படி ஒரு காலையில் என் காதில் விழுந்த வரி இது: "முளைக்கும் வித்தில் நொதியம் உண்டாகி, மாப்பொருளை வெல்லமாக மாற்றும்." எனக்கு நொதியம் தெரியாது, மாப்பொருள் தெரியாது, வெல்லம் தெரியும். விதைத்தது போக மிஞ்சிய முளைநெல் கொட்டிலின் மூலையில் கிடந்தது. அம்மாவுக்கு என் கையால் ஒரு கோப்பை இனிப்புத் தேத்தண்ணி கொடுக்காமல் விடுவதில்லை என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தேன்.

கேட்டுப் படிக்கும் பழக்கம் எனக்கு இல்லை. கேட்க வாயெடுத்தாலே காது சூடாகிவிடும். அதனால் அக்கா கிணற்றடிக்குப் போன நேரம் கொப்பியைத் திறந்து எழுத்துக்கூட்டிப் படித்தேன். இதெல்லாம் கலத்தினுள் நடக்கும் என்று எழுதியிருந்தது. எங்கள் வகுப்பு ஒத்தசொற் பட்டியலில் கலம் என்றால் பாத்திரம். ஆகவே சோற்றுப் பானைக்குள் தண்ணீரும் கஞ்சியும் முளைநெல்லும் போட்டு மூடி வைத்தேன். ஒரு பகல் முழுக்கப் பார்த்தும் ஒன்றும் நடக்கவில்லை. மறுநாள் மீண்டும் கொப்பியைத் திறந்தபோதுதான் அடுத்த வரியைக் கண்டேன்: கலச்சுவர் உடையும்போதே நொதியம் வெளியே வரும். கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் படித்தவர்கள் எழுதியதல்லவா? உலக்கையை எடுத்துப் பானையின் பக்கத்தில் மெல்லத் தட்டினேன். மெல்லத் தட்டியதற்கு உடையவில்லை. பிறகு உடைந்தது.

"ஆரடா பானையை உடைச்சது?" என்று அம்மா ஓடி வந்தார்.

"நான்தான். கலச்சுவரை உடைச்சனான்."

"என்னத்தை?"

"அக்கான்ரை கொப்பியிலை கிடக்குது. உடைச்சால்தான் வெல்லம் வரும்."

"அப்ப உந்தக் கொப்பியிலையே இண்டைக்குச் சோறும் காய்ச்சு."

கிணற்றடியிலிருந்து வந்த அக்கா நிலத்தில் குந்தியிருந்து கண்ணீர் வரச் சிரித்தாள். "கலம் எண்டது பானையில்லையடா மொக்கு. நெல்லுக்குள்ளை கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கிற சின்னச் சின்ன அறை. நெல்லும் அதாலைதான் ஆனது, நீயும் அதாலைதான் ஆனனீ." சொல்லிக்கொண்டே சிந்திக் கிடந்த முளையொன்றை எடுத்து நகத்தால் நசுக்கினாள். சிரிப்பு நின்றுவிட்டது. "இடிச்சால் உடையும்தானே," என்றாள். "ரெண்டு வருசமாப் பாடமாக்கிறன். ஒருக்காலும் செய்து பார்க்கேல்லை."

அன்று பின்னேரமே இருவரும் முளைநெல்லை உரலில் இடித்து, மிஞ்சியிருந்த ஒரே பானையில் கொதித்துக்கொண்டிருந்த கஞ்சிக்குள் கொட்டினோம். காயத்துக்குப் போட ஆசுபத்திரியில் தந்த அயடீன் குப்பியின் அடியில் கொஞ்சம் ஒட்டிக் கிடந்தது. மாப்பொருள் இருந்தால் அது கருநீலமாகும், எல்லாம் வெல்லமாகிவிட்டால் நிறம் மாறாது என்றாள் அக்கா. எவ்வளவு நேரம் வைத்தும் கஞ்சி கருநீலமாகவே காட்டியது. கொதியில் நொதியம் அவிந்துபோயிருக்க வேண்டும். சாக்கில் இன்னும் இரண்டு கைபிடி முளைதான் கிடந்தது. அக்கா விடுவோம் என்றாள். நான் சாக்கை விடவில்லை.

"பாலுக்கு உறை விடேக்கை கொதிக்கக் கொதிக்கவோ விடுறனாங்கள்?" என்று அம்மா அடுப்படியிலிருந்து, எங்களுக்குச் சொல்லாததுபோலச் சொன்னார்.

மறுநாள் காலை கஞ்சியை இறக்கி, விரலை வைத்தால் பொறுக்கும் சூடு வரும்வரை காத்திருந்து, கடைசி முளையை இடித்துக் கலந்து, பானையை வைக்கோலுக்குள் புதைத்தோம். நான் அன்று பள்ளிக்கூடம் போகவில்லை. பானைக்குப் பக்கத்திலேயே இருந்தேன். பின்னேரம் அக்கா ஒரு துளி எடுத்து அயடீன் விட்டாள். நீலம் வரவில்லை, அயடீனின் மண்ணிறம் அப்படியே நின்றது. அவள் பானைக்குள் விரலை விட்டு என் வாயில் வைத்தாள்.

துணியில் வடித்துக் காய்ச்சியதில் தேன்போல அரைக் கோப்பைப் பாணி வந்தது. அதை விட்டுக் கலக்கிய தேத்தண்ணியை அம்மாவிடம் நீட்டினேன். "உமி மணக்குது," என்றார். எப்போதும் கடைசி மிடறை எனக்கு வைப்பவர், அன்று கோப்பையைக் கவிழ்த்துக் குடித்தார்.

பிறகு வந்த இடப்பெயர்வுகளில் கொட்டில் போனது, உரல் போனது, அந்தக் கொப்பியும் போனது. என் படிப்பும் ஐந்தாம் வகுப்போடு போனது. அக்கா பூவரசங்குளத்தில் அதே பாடத்தைப் படிப்பிக்கிறாள். பலகையில் கலம் என்று எழுதியதும் "பானையில்லை" என்றுதான் தொடங்குவாளாம்.

அம்மாவுக்கு இப்போது சீனி வருத்தம். மாதம் ஒருமுறை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக் கிளிநொச்சிக்குக் கொண்டுபோகிறேன். போன முறை அங்கிருந்த தாதி, "சோத்தைக் குறையுங்கோ அம்மா, அதுவும் உள்ளுக்குப் போய்ச் சீனியாத்தான் மாறும்," என்று சொன்னார்.

"அது எனக்கு நீங்கள் பிறக்க முன்னமே தெரியும் பிள்ளை. இவன் பானை உடைச்சுக் காட்டினவன்."

எனக்குக் காது சூடாகியது.

அலுமாரியில் சீனிப் போத்தல் நிறைந்திருக்கிறது. அம்மா மறுபடியும் வெறுந்தேத்தண்ணி குடிக்கிறார். நானும் அவரோடு இருந்து அதையே குடிக்கிறேன். உனக்கென்னடா வருத்தம், நீ சீனி போட்டுக் குடியன் என்று ஒவ்வொரு நாளும் சொல்லுவார். எனக்கு இனிப்புப் பிடிக்காது என்பேன். அவர் என் விரல்களைப் பார்ப்பார்.