கணக்கு மெஷினோடு ஒரு கோடை

பி.எஸ்ஸி. கணக்கு இரண்டாம் வருஷத் தேர்வை முடித்துவிட்டு மதுரை விடுதியிலிருந்து திண்டுக்கல்லுக்கு வந்து இறங்கிய அன்றே அப்பா சொன்னார், "திங்கக்கிழமையிலருந்து நீ பாங்குக்குப் போற."

அப்பா பள்ளிக்கூட ஆசிரியர். ஊரில் அவருக்குத் தெரியாதவர்கள் குறைவு. கூட்டுறவு வங்கி ஒன்றின் காரியதரிசி, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் நின்று பேசும்போது அவரிடம் குறைப்பட்டிருக்கிறார். மெட்ராஸிலிருந்து ஒரு கணக்கு மெஷினை வரவழைத்திருந்தார்கள். விற்றவர் ஒருநாள் வந்து சுற்றிக் காட்டிவிட்டுப் போனார். அதன் பிறகு அதை யாரும் தொடவில்லை. "உங்க மக கணக்குதானே படிக்குது? லீவுல வந்து பாக்கட்டும். பயிற்சின்னு எழுதி ஒரு சான்றிதழ் தாரேன்" என்றாராம். அப்பா என்னைக் கேட்காமலேயே சரி சொல்லிவிட்டு வந்திருந்தார்.

அறுபதுகளின் நடுப்பகுதி அது. எங்கள் தெருவிலிருந்து ஆபீசுக்குப் போன பெண் யாருமில்லை. அம்மாதான் தயங்கினாள். "அம்புட்டு ஆம்பளைக நடுவுல இவ போயி என்ன பண்ணுவா?" அங்கே டைப் அடிக்க ஒரு பெண் இருக்கிறாள் என்று அப்பா சொன்ன பிறகுதான் சம்மதித்தாள்.

அந்த டைப்பிஸ்ட் அக்காதான் முதல் நாள் என்னை வாசலில் வந்து கூட்டிக்கொண்டு போனவர். ஆத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர், விவசாயக் குடும்பம், ஸ்கூல் ஃபைனலுக்குப் பிறகு டைப்ரைட்டிங் படித்து வேலைக்கு வந்தவர். சிரிப்பு வந்தால் அடக்கத் தெரியாது. "நீதான் மெஷினுக்கு வந்த பொண்ணா? வா வா, அது உறை போட்டுத் தூங்குது" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

பச்சை நிறத்தில், டைப்ரைட்டரைவிடக் கொஞ்சம் சின்னதாக, வலது பக்கம் கைப்பிடி வைத்த இரும்புச் சாமான். எண்களுக்கு ஏற்ப சின்னச் சின்ன நெம்புகோல்களை நகர்த்தி வைத்து, கைப்பிடியை முன்னால் சுற்றினால் கூட்டும். பின்னால் சுற்றினால் கழிக்கும். திரும்பத் திரும்பச் சுற்றினால் பெருக்கல், வகுத்தல். கழிக்கிற எண் இருக்கிற எண்ணைவிடப் பெரிதாகிவிட்டால் உள்ளே ஒரு மணி அடிக்கும். எனக்கு அதைப் பார்த்ததும் பிடித்துப்போயிற்று. மத்தியானத்துக்குள் அதில் என்னென்ன முடியும் என்று கண்டுபிடித்துவிட்டேன்.

காரியதரிசி எனக்குக் கொடுத்த வேலை ஒன்றுதான். ஜூன் முடிவில் அரையாண்டுக் கணக்கு முடிக்கும்போது விவசாயக் கடன் அத்தனைக்கும் வட்டி போட வேண்டும். ஒவ்வொருவரும் நடுவில் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கட்டியிருப்பார்கள். அதனால் எத்தனை நாள் எவ்வளவு பாக்கி நின்றது என்று பார்த்துப் பார்த்துப் பெருக்க வேண்டும். மொத்த ஆபீசும் வாரக்கணக்கில் அதில் மூழ்கிக் கிடக்கும். "மெஷினை வச்சு இதை எப்படிச் செய்யிறதுன்னு, யாரு வேணும்னாலும் செய்யிற மாதிரி எழுதிக் குடும்மா" என்றார்.

நான் இங்கிலீஷில் எழுதினேன். அழகாக, பாடப்புத்தகம் போல. காரியதரிசி படித்துவிட்டு மெச்சினார். அக்காவிடம் கொடுத்து, இதை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள் என்றேன். அவர் முதல் வரியை இரண்டு தடவை படித்தார்.

"எனக்குப் புரியல" என்றார்.

"எது புரியலக்கா?"

"எதுவுமே புரியல" என்று சிரித்தார். கொஞ்சமும் கூச்சமில்லை. எங்கள் வகுப்பில் புரியாவிட்டாலும் தலையாட்டுவதுதான் வழக்கம். இவர் அப்படி இல்லை.

தமிழில் எழுதினேன். அப்போதும் தடுக்கியது. 'பாக்கியை நாட்களால் பெருக்கவும்' என்று நான் ஒரே வரியில் எழுதியிருந்தேன். எந்த நெம்புகோலை முதலில் நகர்த்துவது, சுற்றி முடித்த பிறகு பழைய எண்ணை அழிப்பதா விடுவதா என்றெல்லாம் எழுதவில்லை. எனக்குத் தெரிந்ததால் விட்டுவிட்டேன். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கை எங்கே நிற்கிறது என்று பார்த்துப் பார்த்து எழுதினேன். ஒரு வரிக்கு ஒரு வேலை. மணி அடித்தால் என்ன செய்ய வேண்டும், அடிக்காவிட்டால் என்ன. எப்போது முதல் வரிக்குத் திரும்பிப் போக வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும். மத்தியானம் அவர் கொண்டுவரும் மொச்சைக் குழம்பையும் வெஞ்சனத்தையும் பங்குபோட்டுச் சாப்பிடும்போதும் அதே பேச்சுதான்.

சில வருஷம் கழித்து மெட்ராஸில் ஒரு கம்ப்யூட்டர் வகுப்பில் உட்கார்ந்தேன். 'புரோகிராம்' என்றால் என்னவென்று ஆசிரியர் விளக்கத் தொடங்கியதும் எனக்குச் சட்டென்று ஆத்தூர் மொச்சைக் குழம்பின் வாசனைதான் வந்தது. நான் திண்டுக்கல்லில் எழுதியது அதைத்தான்.

ஆபீசில் எல்லோரும் எங்களை ரசிக்கவில்லை. தலைமைக் குமாஸ்தா ஊழியர் சங்கத்துக்கும் செயலாளர். நல்ல உயரம், உரத்த குரல். முதல் நாளே என் மேஜைக்கு முன்னால் வந்து நின்று சொன்னார்: "படிக்க வந்திருக்க, படிச்சிட்டுப் போ தாயி. ஆனா இந்தச் சாமான் நாலு பேரு சோத்துல கை வைக்கும். அதைத் தெரிஞ்சே செய்யி." அதற்குப் பிறகு என்னோடு பேச்சில்லை. பதிலாக, காலையில் என் மேஜை மேல் ஒரு கடன் கணக்கை வைத்துவிட்டுப் போவார். தேடிப் பிடித்த சிக்கலான கணக்காக இருக்கும். மெஷின் தோற்க வேண்டும் என்பது அவர் விருப்பம். அதை அவர் மறைக்கவும் இல்லை.

ஒருநாள் அவர் வைத்த கணக்கில் ஒரு விவசாயி, வாங்கியதைவிட அதிகமாகவே திருப்பிக் கட்டியிருந்தார். அக்கா என் தாளைப் பார்த்துக் கழிக்கத் தொடங்கினார். மணி அடித்தது. முன்னால் ஒரு சுற்று சுற்றினார். திரும்பக் கழித்தார். திரும்ப மணி. ஆபீஸ் முழுக்க நிமிர்ந்து பார்த்தது.

"நீதான எழுதியிருக்க, மணி அடிச்சா ஒரு சுத்து முன்னால சுத்துன்னு? சுத்துறேன். மறுபடி கழிக்கச் சொல்லுது, கழிக்கிறேன். மறுபடி அடிக்குது. நான் இன்னைக்கு ஊருக்குப் போறதா வேண்டாமா?"

தலைமைக் குமாஸ்தா சத்தமாகச் சிரித்தார். எனக்குக் காது சூடாகிவிட்டது. அன்று சாயங்காலம் அந்த இடத்துக்கு, மணி இரண்டாம் தடவையும் அடித்தால் நிறுத்து என்று ஒரு வரி சேர்த்தேன். மறுநாள் அவர் வேறொரு கணக்கை வைத்தார். அதற்கும் ஒரு வரி. இப்படி அவர் வைக்க வைக்க, என் தாள் நீண்டுகொண்டே போயிற்று. மே மாதக் கடைசியில் அவர் ஒரு கணக்கை வைத்துவிட்டு, அக்கா அதை எங்கும் தடுக்கி நிற்காமல் போட்டு முடிப்பதைக் கைகட்டி நின்று பார்த்தார். தன் இடத்துக்குப் போனார். அதற்குப் பிறகு கணக்கு வைக்கவில்லை.

காரியதரிசிக்கு ஏக சந்தோஷம். எல்லோரையும் கூப்பிட்டு வைத்து அக்காவை மெஷினில் உட்கார வைத்தார். அக்கா போட்டு முடித்ததும் கை தட்டினார். அந்தச் சந்தோஷத்திலேயே, "இனிமே தற்காலிக ஆள் தேவைப்படாது. ஜூனோட அந்தத் தம்பியை நிறுத்திரலாம்" என்றும் சொல்லிவிட்டார்.

தற்காலிகக் குமாஸ்தாவாக இருந்த அந்தத் தம்பி அங்கேயேதான் நின்றிருந்தார். ஒட்டன்சத்திரத்துக்காரர், முப்பது வயதிருக்கும், இரண்டு சின்னப் பிள்ளைகள். நான் வந்த நாளிலிருந்து எனக்குத் தேவையான பழைய கணக்கெல்லாம் எடுத்துக் கொடுத்தவர். அவர் என்னைப் பார்த்து, "நல்லாத்தானுங்கம்மா பண்ணியிருக்கீங்க" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

வீட்டுக்கு வந்து சாப்பாடு இறங்கவில்லை. அம்மா கேட்டதும் அழுதுவிட்டேன். அப்பா, "நாளைக்குப் போகாம இருந்துறாத" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் நான் போனபோது மெஷினுக்கு உறை மாட்டியிருந்தது. அக்கா டைப்ரைட்டரில் மும்முரமாக இருந்தார். காரியதரிசி வந்து, அவரை வட்டிக் கணக்கைத் தொடங்கச் சொன்னார்.

"நான் டைப் அடிக்க வந்தவ சார். மெஷின் சுத்துறது என் வேலையில்ல" என்றார் அக்கா. சிரிப்பே இல்லாத அவர் முகத்தை அன்றுதான் பார்த்தேன்.

"வேலை வேணுமா வேண்டாமா உனக்கு?"

"எனக்கும் வேணும் சார். அவருக்கும் வேணும்ல?"

காரியதரிசி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அக்காவின் வேலையும் போய்விடுமோ என்று பயந்தேன். அக்காவின் சம்பளத்தில்தான் அவர் தம்பிகள் இரண்டு பேர் படித்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் தலைமைக் குமாஸ்தா என் மேஜைக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அத்தனை நாளில் முதல் தடவையாக.

"ஏம்மா, இந்த மெஷினால எத்தனை ஆள் வேலை மிச்சமாகுதுன்னு காரியதரிசி கணக்குப் போட்டுட்டாரு. மிச்சமான ஆளை வச்சு என்ன செய்யலாம்னு நாம கணக்குப் போடுவோமா?"

அவர் மனதில் ஒரு யோசனை இருந்தது. அய்யலூர் ஆட்டுச் சந்தைக்கு வாரந்தோறும் சுத்துப்பட்டு ஊரெல்லாம் வந்து கூடும். ஆடு விற்ற காசை மடியில் முடிந்துகொண்டு போவார்களே தவிர, அதைப் போட்டு வைக்க இடமில்லை. சந்தை நாளில் வங்கி அங்கே ஒரு மேஜை போட்டால் என்ன? ஆள் இல்லை என்று சொல்லித்தான் இதுவரை தள்ளிப்போட்டிருந்தார்கள். "மெஷினுக்கு எழுதுன மாதிரியே இதுக்கும் படிப்படியா எழுதித் தா. யாரு போனாலும் செய்யிற மாதிரி இருக்கணும். மத்ததை நான் பாத்துக்கிறேன்."

எழுதினேன். ஒட்டன்சத்திரத்துக்காரர் பக்கத்திலிருந்து, கிராமத்து ஆட்கள் என்னென்ன கேட்பார்கள் என்று சொன்னார். கையெழுத்துப் போடத் தெரியாதவர் வந்தால், பணம் போட்டவருக்குப் பதில் மகன் எடுக்க வந்தால், எல்லாம் எழுதினோம். அக்கா அதைப் படித்துவிட்டு, "முதல் வரி சரியில்ல" என்றார். 'பெயரைக் கேட்கவும்' என்று தொடங்கியிருந்தேன். "வெயில்ல வந்த ஆளை எடுத்ததும் பேரு என்னான்னா கேப்ப? உக்காரச் சொல்லு முதல்ல." அதையே முதல் வரியாக வைத்து அவரே டைப் அடித்தார்.

தலைமைக் குமாஸ்தா அதை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். கதவு சாத்தியிருந்தும் அவர் குரல் வெளியே கேட்டது. "ஆள் மிச்சமாச்சுன்னா வேலையைக் கூட்டுங்க சார், ஆளைக் குறைக்காதீங்க!" வெகு நேரம் கழித்து வெளியே வந்தவர், ஒட்டன்சத்திரத்துக்காரரைப் பார்த்து, "அடுத்த சந்தைக்குப் போறோம்யா. பாத்துட்டு முடிவு சொல்றேங்கிறாரு" என்றார். காரியதரிசி கெட்ட மனிதர் இல்லை. செலவைக் குறைத்துக் காட்ட வேண்டிய கட்டாயம் அவருக்கு இருந்தது. வேறொரு வழி தெரிந்ததும் அதைப் பிடித்துக்கொண்டார்.

அம்மாவிடம் அனுமதி வாங்கி நானும் அக்காவும் அவர்களோடு அய்யலூர் போனோம். விடியற்காலையிலேயே சந்தை நிறைந்துவிட்டது. ஆடுகளின் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்கவில்லை. ஒரு புளியமரத்தடியில் மேஜை, இரண்டு ஸ்டூல், ரசீதுக் கட்டு, வங்கிப் பெயர்ப்பலகை. எல்லோரும் சுற்றி நின்று பார்த்தார்களே தவிர, யாரும் கிட்டே வரவில்லை. கடைசியில் நாலு கிடாயை விற்றுவிட்டு வந்த ஒரு அம்மா இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேட்டார், "காசைக் குடுத்துப்புட்டு இந்தக் காயிதத்த வாங்கிட்டுப் போகணுமாக்கும்?"

"உக்காருங்க ஆத்தா" என்றார் ஒட்டன்சத்திரத்துக்காரர். "இன்னிக்கு ஒண்ணும் போட வேண்டாமுங்க. தண்ணி குடிங்க, விவரம் சொல்றேனுங்க."

அந்த அம்மா உட்கார்ந்தார். தண்ணீர் குடித்தார். கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டார். அவருக்குப் பின்னால் ஒரு கூட்டமே நின்று பதிலைக் கேட்டுக்கொண்டிருந்தது. எழுந்து போன அந்த அம்மா, மகனைக் கூட்டிக்கொண்டு திரும்பி வந்து கணக்குத் தொடங்கினார். வெயில் ஏறுவதற்குள் இன்னும் சிலர் தொடங்கினார்கள். தலைமைக் குமாஸ்தா சந்தோஷத்தில் எங்கள் எல்லோருக்கும் பதநீர் வாங்கித் தந்தார்.

காரியதரிசி சம்மதித்துவிட்டார் என்று தெரிந்ததும், திங்கட்கிழமை அக்கா மெஷினின் உறையை எடுத்தார். ஜூன் மாத வட்டிக் கணக்கில் அன்றன்றைய வேலை பொழுது சாயும் முன்பே முடிந்தது. ஒட்டன்சத்திரத்துக்காரருக்குச் சந்தை வேலை நிலைத்தது. பிறகு அதையே நிரந்தரமாக்கினார்கள் என்று அப்பா எனக்கு விடுதிக்கு எழுதினார். அக்காவுக்கு மெஷினுக்காகச் சம்பளத்தில் தனிப்படி கொடுக்க வேண்டும் என்று சங்கம் கேட்டு வாங்கிக் கொடுத்தது. கேட்டவர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

நான் பிற்பாடு முப்பது வருஷத்துக்கு மேல் கம்ப்யூட்டருக்கு நிரல் எழுதிப் பிழைத்தேன், பெரும்பாலும் வட்டியும் தவணையுமான கணக்குகளுக்குத்தான். என் கீழ் வேலை செய்த பிள்ளைகளிடம் ஒன்றைக் கேட்டபடியே இருப்பேன்: இது வந்த பிறகு அங்கே உட்கார்ந்திருக்கிற ஆள் என்ன செய்வார்? சிலர் சலித்துக்கொள்வார்கள். நான் விடமாட்டேன். புரியவில்லை என்று என் முகத்துக்கு நேரே சொன்னவரும், என் தாளைத் தோற்கடிக்க நாள்தோறும் கணக்குத் தேடியவரும், வேலை போகும் என்று தெரிந்தும் நல்லா இருக்கு என்று சொன்னவரும் பத்தொன்பது வயதில் ஒரே ஆபீசில் எனக்குக் கிடைத்தார்கள். அந்த அதிர்ஷ்டம் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

கடைசி நாள் காரியதரிசி சொன்னபடி சான்றிதழ் தந்தார். அக்கா என்னை ஆத்தூருக்குக் கூட்டிக்கொண்டு போனார். அவர் அம்மா சோறு போட்டார்கள். சாயங்காலம் அணைக்கரையில் காற்று வாங்கினோம். கடைசி பஸ்ஸுக்கு முந்தைய பஸ்ஸில் ஏற்றிவிட்டு, ஜன்னல் வழியாக ஒரு பை நிறையத் தேங்காய் திணித்தார். "படிப்பை முடிச்சிட்டு வா" என்றார். "வாரேன்க்கா" என்றேன்.