ஈரம் சொல்லாத மூடை

இன்று என் நெல் ஸ்டோரில் நெல் மூடைகளைக் கணினியில் பதியும் முறை பற்றி ஒரு சண்டை நடந்தது. லாபம் எனக்கு.

சண்டை பிடித்தது எங்களுக்கு மென்பொருள் எழுதும் ரிஸ்வானும் தர்ஷினியும்தான்.

“முதல்ல வெறும் மூடைய உருவாக்குவம். ஈரமா காய்ஞ்சதா எண்டத பிறகு நிரப்பலாம். ஒரே வரி,” என்றான் ரிஸ்வான்.

“பிறகு ஆர் நிரப்புற? ஈரம் சொல்லாட்டி மூடையே உருவாகப்படா!”

“எழுத நீளம் புள்ள.”

“நீளமெண்டா கை நோகுமா?”

நாளை வட்டை வயல்களிலிருந்து நெல் வருகிறது. ஈர நெல் காய்ந்ததோடு கலந்தால் எல்லாமே பூஞ்சணம். தர்ஷினி சொன்னபடியே எழுதச் சொன்னேன். எழுதியதும், ஈரம் சொல்லாமல் ஒரு மூடையைப் பதிந்து பார்த்தேன். கணினி ஏற்கவில்லை.

மனம் குளிர்ந்தது. கூலிக்கு மேல் ஆளுக்கொரு மூடை நெல் என்று பேசி முடித்தோம்.

“காய்ஞ்சதுதானே காக்கா?” என்று உடனே கேட்டது ரிஸ்வான்தான்.

“அத பிறகு நிரப்புவம் தம்பி,” என்றேன்.