தாமரைப் பூப் போட்ட இருபது காசு

நாலணா இனிமேல் செல்லாது என்று சொன்ன வருடம் எங்கள் சபையார் திடீரென்று தாராளமாகிவிட்டார்கள். கடைக்காரர் வாங்காததையெல்லாம் கர்த்தருக்குக் கொடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காணிக்கைப் பை தூக்க முடியாமல் வந்தது. சித்தூரில் எங்கள் சர்ச்சுக்கு நைனாதான் பொருளாளர். செல்லாத காசைப் பொறுக்கி எடுத்துவிட்டு, அதற்குப் பதில் தன் சட்டைப்பையிலிருந்து நல்ல காசைப் போடுவார். பொறுக்கியதை வீட்டுக்குக் கொண்டுவந்து, "இந்தா, உன் டப்பாவுக்கு" என்று என்னிடம் கொடுப்பார். ஒரு பிஸ்கட் டப்பாவில் என் நாணயச் சேகரிப்பு அப்படித்தான் ஆரம்பித்தது. அப்போது நான் ஐந்தாம் வகுப்பு.

ஆனால் அதே நாலணாவை எவ்வளவுதான் சேர்ப்பது? எனக்குப் புதுசு புதுசாக வேண்டும். அது எங்கள் தெரு வழியாகவே வந்தது.

தெருக்கோடியில் இறங்கினால் நீவா ஆறு, ஆற்றங்கரையில் சுடுகாடு. பாடைக்கு முன்னால் ஒருவர் பொரியோடு காசையும் கலந்து இறைத்துக்கொண்டே போவார். மேளச் சத்தம் கேட்டதுமே அம்மா கதவைச் சாத்திவிடுவாள். ஏன் என்று கேட்டால், "தூசி வருதுடி" என்பாள். அடைமழையிலும் அவளுக்குத் தூசி வரும்.

சாவு வீட்டுக்காரர்களும் எங்கள் சபையாரைப் போலத்தான். பரணில் கிடந்த பழங்காசையெல்லாம் அன்றைக்குப் பார்த்து எடுத்தார்கள். ஊர்வலம் போன பிறகு, பால் வாங்கப் போகிற சாக்கில் நான் குனிந்து பொறுக்குவேன். விளிம்பு நெளிந்த பத்து காசு, ஆறு மூலை இருபது காசு என்று டப்பா நிறைந்தது. ஒருநாள் நசுங்கிய சாமந்திக்கு அடியில் மஞ்சளாக ஒன்று மின்னியது. தாமரைப் பூப் போட்ட பழைய இருபது காசு. விளிம்பில் ஒரு வெட்டு. எனக்குச் சந்தோஷத்தில் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அதைப் பக்கத்து வீட்டுத் தோழியிடம் காட்டினேன். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"அய்யய்யோ, நான் தொடமாட்டேன். அது சாவு டப்புடி. செத்தவங்களுக்குப் போட்டது."

"செத்தவங்களுக்கு எதுக்குடி காசு?"

"வழிச் செலவுக்கு. அத எடுத்துக்கினு வந்து ஊட்ல வச்சா தேடிக்கினு வருவாங்க. வந்தா சும்மா போமாட்டாங்க. ஊட்ல இருக்கற ஒருத்தரக் கூட்டிக்கினுதான் போவாங்க."

நாங்கள் கிறிஸ்தவர்கள், எங்களுக்கு அதெல்லாம் கிடையாது என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டு வந்தேன். அந்த வாரமே நைனா என்னை உட்காரவைத்து, அம்மா வயிற்றில் கட்டி இருக்கிறது, வேலூர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார். யாரைக் கூட்டிக்கொண்டு போகப் போகிறார்கள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. என் வீறாப்பெல்லாம் அதோடு இறங்கிவிட்டது.

காசைத் தெருவில் வீசினால் வேறு பிள்ளை எடுக்கும். கிணற்றில் போட்டால் அந்தத் தண்ணீரைத்தான் நாங்கள் குடிக்க வேண்டும். கர்த்தரிடமே தள்ளிவிடலாம் என்று முடிவு செய்தேன். ஞாயிற்றுக்கிழமை, தெருவில் பொறுக்கிய மொத்தத்தையும் காணிக்கைப் பைக்குள் நழுவவிட்டேன். பாட்டு முடிவதற்குள் பயம் விட்டுப்போயிற்று. மத்தியானம் கறிக்குழம்பை வயிறு முட்டச் சாப்பிட்டேன்.

சாயங்காலம் நைனா முகமெல்லாம் சிரிப்பாக வந்தார்.

"கைய நீட்டு. எவனோ புண்ணியவான் இதப் போய்ப் பையில போட்டுக்கிறான் பாரு. உனக்குத்தான் அதிர்ஷ்டம்."

உள்ளங்கையில் தாமரைப் பூ. விளிம்பில் அதே வெட்டு. அதன்மேல் மற்ற காசுகளும் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன. பொருளாளர் வீட்டுப் பெண்ணுக்கு இது முன்பே தோன்றியிருக்க வேண்டும். பயத்தில் புத்தி வேலை செய்யவில்லை.

நான் போட்ட அலறலில் அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள். அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினேன். நைனா விழுந்து விழுந்து சிரித்தார். "நம்ம ஜனங்களுக்கு ஏது இதெல்லாம்?" என்று அம்மாவைப் பார்த்தார். அம்மா சிரிக்கவில்லை.

"ரோட்ல எடுத்தது மொத்தம் இவ்ளோதானா? டப்பாவுல இன்னும் இருக்குதா, நல்லாப் பாரு" என்றாள். பிறகு அத்தனையையும் வாரி முந்தானையில் இறுக்கி முடிந்தாள். "நாளைக்கு நான் வேலூருக்கு எடுத்துக்கினு போறேன். ஊட்ல இருந்தாத்தானே பயம்? போய்ப் படு."

நான் நிம்மதியாகத் தூங்கினேன். மறுநாள் அவர்கள் ஏறிய பஸ் முனையில் திரும்பிய பிறகுதான் எனக்கு உறைத்தது. காசு வீட்டில் இல்லை, அம்மாவிடம் இருக்கிறது. பஸ் பின்னாலேயே ஓடினேன். துணைக்கு வந்திருந்த சின்னம்மா என்னைத் தரதரவென்று இழுத்துவந்தாள்.

அதன் பிறகு போன் அடித்தால் நான் கொல்லைக்கு ஓடிவிடுவேன். பாதி ராத்திரியில் விழித்துக்கொண்டு, யாரும் கதவைத் தட்டுகிறார்களா என்று கேட்பேன். மேளச் சத்தம் வந்தால் நானே எழுந்துபோய்க் கதவைச் சாத்தினேன். சின்னம்மா ஏன் என்று கேட்டாள். தூசி வருது என்றேன்.

அம்மா திரும்பி வந்தாள், பாதி உடம்பாக. முந்தானையில் முடிச்சு இல்லை. பாலாற்றில் போட்டுவிட்டதாகச் சொன்னாள். நான் பிஸ்கட் டப்பாவைப் பரணில் ஏற்றினேன். அதற்குமேல் அதில் எதுவும் சேரவில்லை.

இப்போது எனக்குத் திருப்பதியில் வேலை. போன மாதம் அம்மா என் அறைக்கு வந்திருந்தாள். பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தவள், தெருவில் மேளம் கேட்டதும் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினாள்.

"தூசியாம்மா?"

அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. இத்தனை வருடம் கேட்காததைக் கேட்டேன்.

"அன்னிக்கு அந்தக் காச எடுத்துக்கினு போனியே, உனக்குப் பயமா இல்லையா?"

"இல்லாம இன்னா? பஸ்ல ஏறும்போதே உசுரு போய்டுச்சி. திரும்பி வரமாட்டேன்னுதான் நெனச்சேன்."

"அப்புறம் எதுக்கு எடுத்துக்கினு போன?"

இதெல்லாம் ஒரு கேள்வியா என்பதுபோல் என்னைப் பார்த்தாள்.

"ஊட்ல நீ இருந்தியே" என்று சொல்லிவிட்டு, மறுபடியும் பீன்ஸை எடுத்துக்கொண்டாள்.