பிளாஸ்டிக் வேண்டாம் என்ற சந்தில் குப்பை அள்ளிய கதை

குப்பை அள்ளுகிறவனுக்குக் குப்பையால் வரும் தொல்லை கொஞ்சம்தான். அதைக் கட்டிக் கொடுக்கிறவர்களால் வருவதுதான் அதிகம். உங்கள் வீட்டிலும் மீன் கழுவுகிறீர்கள், குழம்பு மிஞ்சுகிறது, ஆகவே நான் பட்ட பாட்டில் பாதி உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஈப்போவில், குனோங் ராபாட் பக்கம் நகராண்மைக் கழகக் குப்பை லோரியில் நாள்கூலியாக இருந்தேன். நானும் மனைவி வசந்தாவும் அவள் அண்ணன் வீட்டுப் பின்னறையில் ஒண்டிக் கிடந்தோம். சிம்பாங் பூலாயில் ஒரு நிரந்தர வேலை வருகிறது, கூடவே வீடும் உண்டு, உன் பேரைத்தான் கொடுக்கப் போகிறேன் என்று எங்களை வேலை வாங்கும் மண்டோர் சொல்லியிருந்தார். ஒரே நிபந்தனை, நான் குப்பை அள்ளும் சந்திலிருந்து ஒரு புகார்கூட வரக்கூடாது. வசந்தா அன்றைக்கே ஜன்னல் திரைக்குத் துணி பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.

அந்த நேரம் பார்த்து ஒரு பெருமழை. அந்தச் சந்தில் சாக்கடை அடைத்துக்கொண்டு, அங்கே குடியிருந்த பாக்கியம் அக்கா வீட்டுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. குத்திப் பார்த்தால் உள்ளே முழுக்கக் குப்பை கட்டிப் போட்ட பிளாஸ்டிக் பைகள். அக்காவுக்கு ஆஸ்பத்திரியில் ஆயா வேலை. அவர் பேச்சுக்குச் சந்தில் மறுபேச்சு கிடையாது. இனிமேல் மண்ணில் மக்கிப் போகிற பொருளில்தான் குப்பை கட்ட வேண்டும் என்று வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டார். நல்ல எண்ணம்தான். தூக்குகிறவன் நான்.

சிமெண்டுப் பை

ஒரு வீட்டில் பின்கட்டை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்காரர் காலிச் சிமெண்டுப் பைகளைக் குப்பைக்கு எடுத்துக்கொண்டார். காகிதம்தானே, மக்கிவிடும். ஆனால் ஒரு பையில் கால்வாசி சிமெண்டு மிச்சம் இருந்ததை அவர் பார்க்கவில்லை. மீன் கழுவிய தண்ணீரும் சோற்றுக் கஞ்சியும் அதிலேயே போயின. நாங்கள் போன அன்று அது பையாக இல்லை, பாறையாக இருந்தது.

நானும் என்னோடு வேலை செய்த முனியாண்டியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினோம். எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. மீன் தலை ஒன்று பாதி வெளியே நீட்டியபடி இறுகிப் போயிருந்தது. கோபம் தொண்டைவரை வந்தது. சிம்பாங் பூலாயை நினைத்து அதை விழுங்கிக்கொண்டேன். வீட்டுக்காரர் வேலியோரம் நின்று திருப்தியாகப் பார்த்தார்.

"பிளாஸ்டிக் பைன்னா இந்நேரம் கிழிஞ்சிருக்கும் தம்பி. இது கிழியவே இல்ல, பாத்தீங்களா?"

விளக்கு வைக்குமுன்

மற்ற வீடுகளில் பழைய பத்திரிகைத் தாள். எங்கள் லோரி விடியற்காலையில் வரும். விளக்கு வைத்த பிறகு குப்பையை வெளியே போடமாட்டார்கள், லட்சுமி போய்விடுவாள் என்று. அதனால் முதல் நாள் நாலு மணிக்கே பொட்டலங்களை வாசலில் வரிசையாக வைத்துவிடுவார்கள். ஈப்போவில் சாயங்காலமானால் மழை கொட்டும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பிளாஸ்டிக் காலத்தில் மழை பெய்தால் எங்களுக்கென்ன? இப்போது மழை தாளைக் கரைக்கும், நாய் வந்து மிச்சத்தைப் பிரிக்கும். காலையில் வாசலுக்கு வாசல் கூழ்தான் கிடக்கும்.

புகார் வந்துவிடுமே என்ற பயத்தில், துடைப்பம் கொண்டுபோய் சந்து முழுக்க நானே கூட்டி அள்ளினேன். தண்ணீர் ஊற்றிக் கழுவியும் விட்டேன். முனியாண்டி லோரிமேல் உட்கார்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தான். பொறுக்க முடியாமல் ஒருநாள் பாக்கியம் அக்காவிடம், காலையில் எழுந்ததும் பொட்டலத்தை வைக்கக் கூடாதா என்று கெஞ்சினேன்.

"விடிஞ்சதும் குப்பை முகத்துலயா தம்பி முழிக்கிறது? நீங்க மழைக்கு முன்னாடி வந்திருங்க லா."

காளியப்பன் அண்ணன் மட்டை

காளியப்பன் அண்ணன் பாகான் டத்தோ பக்கம் தோட்டத்திலிருந்து அந்தச் சந்துக்குக் குடிவந்தவர். ஊரிலிருந்து பாக்கு மட்டை கொண்டுவந்து, குப்பையை அதில் மடித்து, ஈர்க்கால் தைத்து வைத்தார். மழை, நாய் எதுவும் அதை அசைக்க முடியவில்லை. எனக்கு அவரைக் கட்டிப் பிடிக்கலாம் போல இருந்தது. மட்டையை லோரிக்குள் வீசிவிட்டு நகர்ந்தோம். பின்னாலேயே கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்து லோரியை நிறுத்தினார்.

"குப்பைய வச்சுக்குங்க தம்பி, மட்டைய கழுவிக் குடுத்திருங்க. அடுத்த தடவைக்கு வேணும்ல."

கழுவிக் கொடுத்தேன். அன்றிலிருந்து ஒவ்வொரு தடவையும்.

புகாரே இல்லை

சிம்பாங் பூலாய்க்குப் பேர் கொடுக்கும் நாள் வந்தது. வேலை முடிந்து லோரி நிற்கும் இடத்துக்குத் திரும்பினால், பாக்கியம் அக்காவும் காளியப்பன் அண்ணனும் சிமெண்டுப் பை வீட்டுக்காரரும் மண்டோரைச் சூழ்ந்து நிற்கிறார்கள். எந்த வாசலைச் சரியாகக் கழுவாமல் விட்டேன் என்று யோசித்தபடியே கிட்டே போனேன்.

புகார் சொல்ல அவர்கள் வரவில்லை. என்னை வேறு இடத்துக்கு மாற்றப் போவது எப்படியோ காதில் விழுந்து, மாற்றக் கூடாது என்று கேட்க வந்திருந்தார்கள். இப்படிக் கூட்டி, கழுவி, மட்டையைக்கூடத் திருப்பித் தருகிற ஆள் இன்னொருவர் கிடைக்கமாட்டார் என்று அக்கா கண்கலங்கச் சொல்லிக்கொண்டிருந்தார். மண்டோர் பூரித்துப்போய் என் முதுகில் தட்டினார். சிம்பாங் பூலாய்க்கு முனியாண்டி பேரைக் கொடுத்துவிட்டாராம். அவன் துடைப்பத்தைத் தொட்டதே கிடையாது. யார்மேல் கோபப்படுவதென்று தெரியாமல் நின்றேன். அழுகைதான் வந்தது. அதை அவர்கள் வேறு மாதிரி எடுத்துக்கொண்டார்கள்.

வீட்டுக்குப் போய் வசந்தாவிடம் சொன்னேன். வாங்கி வைத்திருந்த திரைத்துணியை எடுத்து மடித்தாள்.

"நாமளும் ஒருநாள் அந்தச் சந்துக்கே குடிபோவோம். அப்பவாச்சும் நம்ம வாசலையும் அப்படிக் கூட்டுவீங்களான்னு பாக்குறேன்."

மக்கிப் போகிற பொருள்தான் நல்லது என்று நானும் ஒப்புக்கொள்கிறேன், அந்தச் சந்தில் மக்காமல் கிடந்தது நான் ஒருவன்தான்.